பழைய சாமான்

ஆலங்குடி பஸ்ஸில் வந்து திருவரங்குளத்தில் இறங்கி அரங்குளநாதர் கோயிலுக்கு நடந்தால், வழியிலேயே மண்ணெண்ணெய் வாடை வந்துவிடும். உனக்கும் நினைவிருக்கும். புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை. உள்ளே தகர டப்பாவில் கார்புரேட்டர் ஊறிக் கிடக்கிறது. மெக்கானிக் அண்ணன் ஜெட்டை எடுத்து வாயால் ஊதி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். துளை வழியே வெளிச்சம் தெரிந்தால், "சரியாயிருச்சு தம்பி."

அப்பாவின் டிவிஎஸ் 50 அங்கேதான் போகும். 1980-ல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றவேண்டும். ஆயில் கூடிப்போனால் சைலென்சரில் கரி அடைத்துக்கொள்ளும். மேடு ஏறாது, மூட்டை இழுக்காது. அண்ணன் அதைக் கழற்றி விறகுத் தீயில் போடுவார். கரி கனலும்போது ஒரு நெடி வருமே, இருமிக்கொண்டே பக்கத்தில் நிற்போம். அதற்குச் சாமான் செலவே கிடையாது, கூலி மட்டும்தான். இதே கோளாறுக்கு பிஸ்டன், ரிங் என்று தலையில் கட்டும் கடைகள் அப்போதும் இருந்தன.

சிலிண்டர் போர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால்தான் அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் புதுக்கோட்டை லேத்துக்கு அனுப்புவார். ஒரிஜினலா லோக்கலா என்று முன்னமே கேட்டுக்கொள்வார். லோக்கல் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சொல்லிவிடுவார். சாயந்திரம் போனால் பழைய பிஸ்டன், உடைந்த ரிங், புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் செய்தித்தாளில் பொட்டலமாகக் காத்திருக்கும். "வீட்டுல அப்பாகிட்ட காட்டு." பெட்டியில் அச்சடித்த விலைதான் விலை.

1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகினார்களே, அப்போது கொட்டகையில் பாதி சைக்கிளுக்குப் போனது. செயின் கழன்று நிற்கும் அக்காக்களிடம் காசு வாங்கமாட்டார். பஞ்சருக்கு வாங்குவார், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை அவர்களே பார்த்த பிறகு.

கூலி விஷயத்தில் ஊர் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பேன். "நீங்களாப் பாத்துக் குடுங்க" என்பார். அரைநாள் குனிந்து பார்த்த வேலைக்கு அஞ்சு ரூபாய் குறைத்துத்தான் நீட்டுவார்கள். பாதிப்பேர் கடலை பிடுங்கித் தருவதாகச் சொல்லிப் போவார்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அந்த வருசங்களிலும் பொட்டலம் மட்டும் நிற்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை. கோளாறை ஸ்கேனர்தான் சொல்கிறது. டவுனில் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாடையும் இல்லை. பில் வருகிறது. சாமான், லேபர் எல்லாம் தனித்தனியாக. 2025 செப்டம்பரில் சாமானுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனதும் ஒழுங்காகக் குறைந்திருக்கிறது.

"மாத்துன பிரேக் ஷூவைக் குடுங்க தம்பி."

"அது ஸ்கிராப்புக்குப் போயிரும் சார்." மரியாதையான பையன்.

தேய்ந்துதான் இருந்ததா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றான்.