ஹீட்டர் ஊதிய குளிர்

2023-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் உதகமண்டலம் போயிருந்தோம். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், அந்நாட்களில் விடியற்காலைப் புல்வெளிகள் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்திருக்கும். அந்த உறைபனியைக் காண வேண்டுமென்பது வயோதிகரான நமது தாயாரின் நெடுநாளைய ஆசை.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி கோயமுத்தூரில் வாடகைக்கு அமர்த்தியது, பழையது. ஹீட்டர் விசையைத் திருகியதும் விசிறி என்னவோ ஜாம் ஜாமென்று சுழன்றது. வந்ததோ பனிக்காற்று! முன் கண்ணாடியில் ஆவி படிந்து சாலை மங்கிற்று. தாயாருக்குப் பல் கிட்டிப் போயிற்று.

"பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறாயா, அப்பா?" என்று டிரைவரை அதட்டினோம்.

"இல்லீங்க ஸார். நம்ம ஊர்ல இதைப் போட்டுப் பார்த்ததே இல்லீங்க" என்றார் அவர். நாம் நம்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் உஷ்ணத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் நாம் பேசிய பேச்சா அது! மோட்டார் ஹீட்டர் தனியே பெட்ரோல் குடிப்பதில்லை. எஞ்சினைச் சுற்றிச் சூடேறி வரும் நீரில் ஒரு பங்கு, உள்ளேயிருக்கும் குட்டி ரேடியேட்டருக்கு வருகிறது. அதன்மீது விசிறி ஊதுகிறது. வீணாகப் போகும் சூட்டில்தான் நாம் குளிர் காய்கிறோம். ஆகவே, காற்று வந்தும் சூடு வராவிட்டால் விசிறியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நீர் குறைந்திருக்கலாம், குழாயில் காற்றோ அழுக்கோ அடைத்திருக்கலாம், நீரே சூடேறாமலும் இருக்கலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். பக்கத்துப் பெட்டியின் கோட்டைப் பார்த்தோம். நீர் சரியாகவே இருந்தது. ஆனால் அரை மணி ஓடியும் உஷ்ணமானியின் முள் அடியை விட்டு அசையவில்லை.

சாலையோரம் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பட்டறைக்காரர் ஒருவர் முள்ளைப் பார்த்துவிட்டு, "வண்டி கீழ்நாடுங்களா?" என்று சிரித்தார். கோடையில் வண்டி சூடாகிறதென்று கொண்டுபோனால், சமவெளி மெக்கானிக்குகள் சிலர் 'தெர்மோஸ்டாட்'டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நீர் சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் சிறு கதவு அது. கதவு போய்விட்டால் நீர் ஓயாமல் ரேடியேட்டரில் போய்க் குளித்துக்கொண்டிருக்கும். மலைக் குளிரில் சூடு எங்கிருந்து வரும்? தலைவலிக்குத் தலையை எடுக்கும் வைத்தியம்! (பத்து மணிக்குப் பட்டறையில் திறந்து பார்த்தபோது, கதவு இருக்கவேண்டிய இடம் காலிதான்.)

அப்போதைக்கு அவர் ரேடியேட்டரின் பாதியை ஓர் அட்டையால் மறைத்து, "முள் மேலே ஏறினா உடனே எடுத்துடுங்க" என்று எச்சரித்தார். சிறிது தூரம் போனதும் வெதுவெதுவென்று காற்று வந்தது.

"அம்மாவுக்குக் குளிர் விட்டுதுங்களா?" என்று டிரைவர் திரும்பாமலே கேட்டார். தாயாரின் கழுத்தைச் சுற்றியிருந்தது அவருடைய கம்பளித் துண்டு என்பதை அப்பொழுதுதான் கவனித்தோம்.