கோடிமதா ஜெட்டியிலிருந்து

கோட்டயத்திலிருந்து ஆலப்புழாவுக்கு பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சங்ஙனாச்சேரி சுற்றிப் போகும் வழி ஒன்று, குமரகம், தண்ணீர்முக்கம் வழியாக இன்னொன்று. படகில் இரண்டரை மணி நேரம். வழியில் போளை சிக்கினால் அதற்கும் மேலாகும். ஆனால் படகுச் சீட்டு பஸ் சீட்டைவிட மலிவு. அக்கா வீட்டில் தங்கி ஊரிலுள்ள கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அப்போது நேரம் நிறைய இருந்தது, கையில் காசு இல்லை. வேம்பநாட்டுக் காயலை நான் பார்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அத்தானுக்குக் கோட்டயத்தில் வங்கி வேலை. "மாப்ளே, வீட்டுக்குள்ளேயே கெடந்தா வேலை தேடி வந்திருமா? எங்கயாவது சுத்திட்டு வாரும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருபது ரூபாயைத் திணித்துவிட்டுப் போவார். அக்கா ஒரு தூக்குவாளியில் தயிர்ச்சோறு கட்டிக் கொடுப்பாள். கேரளத்து ஓட்டல் சோறு தொண்டையில் இறங்காது என்பது அவளுடைய தீராத நம்பிக்கை. எனக்கு அந்தப் பருமன் அரிசியும் குடம்புளி போட்ட மீன்குழம்பும் பிடித்துப்போயிருந்ததை அவளிடம் சொல்ல தைரியம் வரவில்லை.

கோடிமதா ஜெட்டி என்றதும் கடல்போல் விரிந்த தண்ணீரைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். ஒடுங்கிய தோடு (கால்வாயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), இரண்டு கரையிலும் தென்னை, பாசியேறிய படிக்கட்டு. மரப்படகு ஒன்று டீசல் புகைந்தபடி நிற்கும். கேரளத்தில் பஸ்ஸுக்கு இருப்பதுபோலப் படகுக்கும் தனியாக ஒரு அரசுத் துறை உண்டு. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-இல் தொடங்கியது. தலைமை அலுவலகம் ஆலப்புழாவில். சீட்டுக் கிழிக்க போட் மாஸ்டர், முன்னால் நின்று சக்கரம் பிடிக்க ஸ்ராங்கு, நடுவில் எஞ்சினோடு உட்கார்ந்திருக்க டிரைவர், கயிறு எறிய லாஸ்கர்கள். சக்கரம் பிடித்திருப்பவர் கையில் எஞ்சின் கிடையாது, எஞ்சினோடு இருப்பவருக்கு வழி தெரியாது. இரண்டு பேருக்கும் இடையில் ஓடுவது ஒரு கயிறும் ஒரு மணியும் மட்டும். ஸ்ராங்கு கயிற்றைச் சுண்டினால் டிரைவரின் தலைக்கு மேல் மணி அடிக்கும். அதைக் கேட்டு அவர் வேகத்தைக் குறைப்பார், பின்னுக்கு எடுப்பார். எதிரே என்ன வருகிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் பீடியைப் புகைத்தபடி அந்த மனிதர் மணிக்கு மணி பதில் சொல்வதை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

தோட்டின் குறுக்கே தூக்குப்பாலங்கள் இருந்தன. பொக்குபாலம் என்பார்கள். கரைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை. நடந்துபோகப் பாலம் வேண்டும். படகு போக வேண்டுமானால் பாலம் இருக்கக்கூடாது. எனவே படகு வளைவில் திரும்பும்போதே ஹாரன் அடிப்பார்கள். கரையில் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்துத் தொங்குவார். பலகை கிறீச்சிட்டபடி ஒரு பக்கமாக எழும்பும். பாலத்தின் இரண்டு முனையிலும் சைக்கிளோடு நிற்பவர்கள் படகுக்குள் இருக்கும் தெரிந்த முகங்களோடு அந்த அரை நிமிஷத்தில் பேசி முடிக்க வேண்டியதைப் பேசி முடித்துவிடுவார்கள். கல்யாணத் தேதி, மாட்டுக்குச் சுரம், வீட்டுப் பட்டாவில் சிக்கல் எல்லாம் அதில் அடங்கும்.

காஞ்ஞிரம் தாண்டி சிறிது தூரத்தில் தோடு திடீரென்று முடிந்து காயல் திறக்கும். ஏறக்குறைய 96 கிலோமீட்டர் நீளம். இந்தியாவிலேயே நீளமான ஏரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை என்று மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வந்து விழுகிற இடம். 1952-இல் நேரு கோட்டயத்திலிருந்து ஆலப்புழாவுக்குப் படகில்தான் வந்தார். சுண்டன் வள்ளங்கள் அவருக்காகப் பந்தயம் விட்டன. ஜெயித்த நடுபாகம் வள்ளத்தில் காவலையெல்லாம் மீறி அவர் தாவி ஏறிக்கொண்டார். டெல்லி போய்ச் சேர்ந்ததும் வள்ளத்தின் வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பை அனுப்பிவைத்தார். ஆகஸ்ட் மாதம் புன்னமடையில் நடக்கும் நேரு கோப்பைப் போட்டியின் கதை அது. கார் வசதி இல்லாமலா நேரு படகில் வந்தார் என்று அத்தானிடம் கேட்டதுண்டு.

என்னை உண்மையில் அசரவைத்தது காயலின் அகலம் இல்லை. ஆர் பிளாக் என்ற இடத்தை நெருங்கும்போது வலது பக்கம் ஒரு வரம்பு தெரியும். வரம்புக்கு மேல் தென்னை, தென்னைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பெஞ்சின்மேல் ஏறி நின்றால்தான் தெரியும்: வயல் கீழே இருக்கிறது. நாம் மிதக்கிற தண்ணீருக்கு ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, பச்சைப்பசேலென்று நாற்று. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில் நெல் போடுகிற குட்டநாடு அது. மூங்கிலையும் கட்டையையும் காயலின் அடிச்சேற்றில் அடித்து, முங்கி முங்கிச் சேறெடுத்து வரம்பு கட்டி, உள்ளேயிருந்த தண்ணீரை இறைத்துப்போட்டு உண்டாக்கிய நிலம். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் அரசு ஊக்கம் கொடுக்க, முரிக்கன் என்ற பெருவிவசாயி வளைத்தெடுத்த காயல்களுக்கு அரச குடும்பத்தை வைத்துச் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று பேரிட்டார்கள். முங்கிச் சேறெடுத்த புலையர்கள் யாருடைய பேரும் எந்தக் காயலுக்கும் இல்லை. 2013-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் குட்டநாட்டு வேளாண் முறையை உலக மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்ட செய்தியைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்த பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. கார் ஜன்னலுக்கு அந்த உயரம் கிடையாது.

படகு நிற்கிற ஜெட்டி ஒவ்வொன்றும் ஒரு தெரு முனை. பால்கேன் ஏறும், கேஸ் சிலிண்டர் இறங்கும், சீருடைப் பிள்ளைகள் படகு கரையைத் தொடும் முன்பே குதிப்பார்கள். லாஸ்கர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். யாருக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க நேரமில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் சட்டென்று பிடிபட்டுவிடுவேன். ஆலப்புழா ஜெட்டியில் நெடுமுடிப் படகுக்குக் காத்திருந்தபோது ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எடத்வாப் பள்ளிக்காணோ மோனே?" என்றாள். எடத்வாவில் 1810-இல் எழுந்த புனித ஜார்ஜ் கோயில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் கொடியேறி மே தொடக்கத்தில் களைகட்டும் அந்தப் பெருநாளுக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து கோயிலைச் சுற்றி அடுப்புக் கூட்டித் தங்குவார்கள். தமிழ் பேசுகிறவன் படகேறினால் அதற்காகத்தான் இருக்கும் என்பது பாட்டியின் முடிவு. மறுத்துப் பார்த்தேன். மெழுகுதிரி ஏற்ற இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் விட்டாள். வேறு வழியில்லாமல் அந்த வருஷம் எடத்வாவுக்கும் போனேன்.

போளையைச் சொன்னேன் இல்லையா, நாம் ஆகாயத்தாமரை என்பது. ஒரு மாதத்தில் தோட்டையே பாய் விரித்தாற்போல் மூடிவிடும். சுழலியில் சுற்றிக்கொண்டால் படகு முனகி நிற்கும். மணி அடிக்கும், பின்னால் போகும், மணி அடிக்கும், முன்னால் வரும், லாஸ்கர் கழுக்கோலால் குத்தித் தள்ளுவார். அதன் கதையைப் படகில்தான் கேட்டேன். எழுபதுகளில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாகத் தடுப்பணை கட்டினார்கள். டிசம்பரில் ஷட்டரை இறக்கினால் கடலின் உப்பு தெற்கே ஏறாது, நெல் பிழைக்கும். உப்பு ஏறாததால் போளையும் பிழைக்கும். கரிமீனும் கக்கா என்கிற சிப்பியும் குறையும். ஷட்டரைத் திறந்து உப்புநீர் வந்தால்தான் போளை அழுகும். "இந்த வாரமே திறக்கணும்" என்று கக்கா வாரும் ஆள் சத்தம் போட, "கதிர் அறுக்காமலா?" என்று வயல்காரர் பதிலுக்குக் கத்த, போட் மாஸ்டர் நடுவில் புகுந்து சீட்டு கேட்பார். தகழி சிவசங்கரப் பிள்ளை இந்த மண்ணின் சண்டைகளை வைத்து எழுதியவற்றைப் பிறகு மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்குக் கோனார் நோட்ஸ் தேவைப்படவில்லை.

முகம்மா–குமரகம் படகு வேறு மாதிரி. அது காயலைக் குறுக்காகக் கடப்பது. நடுவில் பாதிராமணல் என்ற தீவு ஒதுங்கி நிற்கும்; ஆள் குடியில்லை, பறவைகள்தான். காற்று பிடித்தால் கித்தான் திரை படபடவென்று அடிக்கும், பெண்கள் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து கிளம்பிய படகு குமரகம் கரை சேரும் முன் மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வெழுதக் கோட்டயம் புறப்பட்டவர்கள் அதில் நிறையப் பேர். நான் அப்போது சென்னையில் இருந்தேன். அக்கா போன் பண்ணி, "நீ போவியே, அந்தப் படகு வழிலே" என்றாள். விண்ணப்பக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தவன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

வைக்கத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், அங்கிருந்து படகில் தவணக்கடவு போய், திரும்பி வருவேன். காரணம் எதுவும் இல்லை. 1925 மார்ச்சில் காந்தி வந்திறங்கிய பழைய படகுத்துறை அங்கே இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் கோயில் தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று போராட வந்த பெரியாரைப் பிடித்து ஒரு மாதம் அடைத்துவைத்த அரூக்குற்றியும் இதே காயலோரம்தான். வைக்கம் என்றால் நமக்குத் தெரு நினைவுக்கு வரும், தண்ணீர் வராது. 2017 ஜனவரியிலிருந்து அந்தத் துறையில் ஆதித்யா ஓடுகிறது. 75 பேர் உட்காரும், சூரிய மின்சாரத்தில் ஓடும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு. ஏறிப் பார்த்தேன். புகை இல்லை, சத்தம் இல்லை, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது. நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்லை. கொச்சியில் 2023-இல் வந்த வாட்டர் மெட்ரோவும் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் கண்ணாடி அடைத்து ஏசி போட்டுவிட்டதால் காயலின் வாடை உள்ளே வரவில்லை. அந்த உப்பும் சேறும் அழுகிய மட்டையும் கலந்த வாடைக்காகத்தானே நான் போவது.

அத்தான் பிற்பாடு மாருதி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு காயலைச் சுற்றிக்காட்டப் புறப்பட்டார். குமரகத்தில் ரிசார்ட் மதில், அதற்கப்பால் இன்னொரு ரிசார்ட் மதில், தண்ணீர்முக்கம் தடுப்பணைமேல் ஏறியபோது இரண்டு நிமிஷம் தண்ணீர், பிறகு முகம்மா கடைத்தெரு. "காயல் எங்கேம்மா?" என்று அக்கா பெண் கேட்டாள். அத்தான் எதுவும் சொல்லாமல் கியரை மாற்றினார்.

போன வருஷம் ஆலப்புழாவில் ஒரு கல்யாணம். வரிசையாக நிற்கும் ஹவுஸ்போட்களைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அதே ஜெட்டிக்குப் போய்க் கோட்டயத்துக்கு ஒரு சீட்டு கேட்டேன். "கோட்டயம் இல்லா சாரே, காஞ்ஞிரம் வரெ" என்றார் போட் மாஸ்டர். தூக்குப்பாலம் பழுதாம். காஞ்ஞிரத்தில் இறங்கி, மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம் டவுன் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். என் மலையாளத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "வா" என்று கூடையின் ஒரு பக்கத்தை என் கையில் பிடிக்கக் கொடுத்தாள்.