பேர் சொல்லி வைத்த தென்னை

எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் குழந்தை பிறந்த வீட்டில் அதன் பேருக்கு ஒரு தென்னம்பிள்ளை வைப்பார்கள். பிறகு மரத்துக்கும் அதே பெயர்தான். "தங்கச்சி மரத்துல ரெண்டு எளநி எறக்குப்பா" என்று அப்பத்தா சொன்னால், எந்த மரம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கன்று வைக்கும் நாளை நினைத்தால் மனசு இன்றும் கொல்லையில் போய் நின்றுவிடுகிறது. ஆடியில் புது ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருப்போம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயைத்தான் அப்படிச் சொல்வோம்; நாங்கள் அதன் கடைமடை. மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி முன்கூட்டியே ஆறப் போட்டிருக்கும். அடியில் மணல், சாம்பல், ஒரு கை கல்லுப்பு. விதைக்காய் எடுத்த தாய்மரமும் அப்பத்தா பார்த்து வைத்ததுதான்: நடுவயது, வருஷம் தவறாமல் காய்க்கிற மரம். கன்றை இறக்கியதும் முதல் கைமண்ணை அந்தப் பிள்ளைதான் போடவேண்டும். கைக்குழந்தை என்றால் பிஞ்சுக் கையைப் பிடித்து அம்மா தள்ளிவிடுவாள். மந்திரம் ஒன்றும் கிடையாது. மண்ணை மிதித்து இறுக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் உரக்கப் பேசமாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரமெங்கும் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. நிவாரணக் கணக்குக்கு ஆட்கள் மரங்களை எண்ணிக்கொண்டிருக்க, அம்மா ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழுதாள். என் மரமும் அதில் இருந்தது.

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன். இளநீர் தெருமுனையிலேயே கிடைக்கிறது. ஆனால் நான் எங்கே இருந்தாலும் என் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர்மண்ணில் ஒன்று நின்றதே, அதற்குத்தான் ஏங்குகிறேன். ஊரில் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது. போய் இறங்கினால் கை வைத்து நிற்க ஒன்றும் இல்லை.

நெட்டைத் தென்னை பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் அந்தப் பருவத்துக்கு வந்துவிட்டன. அன்று நெருக்கடியில் ஆள் வைத்து வரிசையாக நட்டார்கள். பேர் வைக்க யாருக்கு மனசு இருந்திருக்கும்?

இப்போதும் தாமதமாகிவிடவில்லை. தோப்பு வைத்திருப்பவர்களே, லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். ஆளுக்கொரு மரத்தை அவர்கள் பேருக்கு விடுங்கள். பட்டுப்போன இடத்தில் மாற்றுக்கன்று வைக்கும்போது, முதல் கைமண்ணை அவர்களைப் போடச் சொல்லுங்கள்.