எங்க வீட்டு ஸ்கிரீன்

நம்ம வகுப்பில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம் என்று ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருக்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரை பாதிப் பேருக்காவது பயன்படும். மீதிப் பேர் சொந்த வீட்டுக்காரர்கள். நீங்களும் படியுங்கள், உங்கள் மாடியிலும் யாராவது குடியிருப்பார்கள் அல்லவா!

விஷயம் சின்னதுதான். ஜன்னலுக்கு ஸ்கிரீன் போடுவது. ஆனால் எங்கள் வீட்டில் அது மூன்று வாரம் ஓடியது.

நாங்கள் விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஹாலுக்கு ஒரே ஜன்னல். அதுவும் மேற்குப் பார்த்த ஜன்னல். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மாதம் இரண்டு தரம் வருவார். அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது நைட் டூட்டி. காலையில் எட்டரைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கணும். ஆனால் எங்கே தூங்குவது? மத்தியானம் இரண்டு மணி ஆனால் வெயில் நேராக அம்மா முகத்தில்தான் விழும்.

அம்மா ஒருநாள் காலையில் பஸ்சில் தூங்கிப்போய் விளாங்குடியில் இறங்காமல், பரவையும் தாண்டி சமயநல்லூரில் போய் முழித்தார்கள். நானும் அப்பத்தாவும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "பஸ்சுல தூங்குனா அடுத்த பஸ் பிடிச்சு வந்துரலாம். வார்டுல தூக்கக் கலக்கத்துல ஒரு ஊசிய மாத்திப் போட்டா என்னடி ஆகுறது?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

சரி, கறுப்பாக ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைப்பீர்கள். இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை வீட்டுக்காரர். சாவி கொடுக்கும்போதே "சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். ஜன்னல் சட்டத்தில் ஸ்பிரிங் கம்பிக்கு இரண்டு கொக்கி மட்டும் திருகிக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டதற்கு, "மரம் விரிஞ்சிரும்" என்றார். இதற்கு முன்பு இருந்த வீட்டில் காலண்டர், கண்ணாடி எல்லாம் மாட்டிய ஒன்பது ஆணி ஓட்டைக்காக அட்வான்சில் இரண்டாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அம்மாவும் வற்புறுத்தவில்லை.

இடையில் ஒரு தகவல். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். நம் வீடுகளில் பாதிப் பேச்சு வாய்ப்பேச்சாகவே போய்விடுகிறது.

இரண்டாவது தடை அப்பத்தா. இதுதான் பெரிய தடை! அப்பத்தா வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டுவார். காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மொட்டு வாங்கி வரும் ஒரு அக்கா எங்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவார், மத்தியானம் சரமாக வாங்கிக்கொள்வார். மொட்டு விரிவதற்குள் கட்டியாகணும். அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால்தான் நாரும் காம்பும் தெரியும். அம்மாவுக்கு இருட்டு வேண்டும், அப்பத்தாவுக்கு வெளிச்சம் வேண்டும், இருப்பதோ ஒரு ஜன்னல். இருவருமே சம்பாதிக்கிறவர்கள். யாரை எழுந்து போகச் சொல்வது?

முதல் வாரம் ஒரு போர்வையை ஜன்னல் கம்பியில் கட்டினோம். அப்பத்தா ஒன்றும் பேசாமல் பூக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டிப் போனார்கள். அம்மாவுக்கு அதைப் பார்த்துத் தூக்கமே வரவில்லை. சாயந்திரம் போர்வையைக் கழற்றிவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் நானும் அம்மாவும் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்குப் போனோம். கடைக்கார அண்ணன் கரூர் துணி என்று கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டார். (கரூரில் நெய்கிற ஸ்கிரீன், படுக்கை விரிப்பு எல்லாம் வெளிநாட்டுக்கே போகிறது என்பது குறிப்பிடத்தக்கது.) சுவரில் ஓட்டை போடாமல் இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கிற ராடு ஒன்றும் காட்டினார். விலையைக் கேட்டதும் அம்மா அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டார்கள். அன்று துணி வாங்காமலே திரும்பினோம்.

யோசனை சொன்னது அப்பத்தாதான். "எதுக்குடி ஜன்னல மூடுறீங்க? அவளைச் சுத்தி மூடுங்க. எங்க ஊர்ல சேலையத்தான் குறுக்க கட்டுவோம்" என்றார். அதாவது ஸ்கிரீன் ஜன்னலுக்கு அல்ல, ஹாலுக்குக் குறுக்கே! எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

ஆணி இல்லாமல் எதில் கட்டுவது என்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலின் ஓரக் கம்பி ஒரு பக்கம். எதிர்ச் சுவரில் சமையலறைக்கு மேலே வெண்டிலேட்டர் கம்பி இன்னொரு பக்கம். இடையில் கூரையில் ஒரு தொட்டில் கொக்கி, முன்னால் யார் பிள்ளைக்கோ போட்டது. நைலான் கயிறு பாரத்தில் தொய்யும். அந்தக் கொக்கியிலிருந்து ஒரு துண்டுக் கயிறு இறக்கி நடுவில் தாங்கிப் பிடிக்க வைத்தோம். ஜன்னலும் வாசலும் அப்பத்தா பக்கம், ஃபேன் அம்மா பக்கம். ஒரு ஆணி அடிக்கவில்லை.

மறுபடி விளக்குத்தூண். கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். கயிறு 10 அடி, அதாவது 120 இஞ்ச். துணி 48 இஞ்ச் பன்னா. சுருக்கு விழுந்து தொங்கணும் என்றால் இடத்தைப் போல் ஒன்றரை மடங்காவது துணி வேண்டும், அதனால் நாலு தொங்கல். ஒவ்வொன்றும் மடிப்போடு சேர்த்து 84 இஞ்ச். மொத்தம் எட்டரை மீட்டர். வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத காட்டன் துணி, மீட்டர் 90 ரூபாய். காட்டனை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைத்த பிறகுதான் வெட்டணும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, தரையிலிருந்து அரை அடி தூக்கிக்கொள்ளும்.

இருட்டுக்கு உள்துணி வேண்டுமே. அம்மா பீரோவிலிருந்து பழைய சுங்குடிச் சேலை இரண்டை எடுத்தார்கள், ஒன்று கருநீலம், ஒன்று அரக்கு. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சேலை அது. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சேலையில் இரண்டு தொங்கல் சரியாக வந்தது. கீழ்வீட்டு டெய்லர் அக்கா இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். வெளிர் துணி ஜன்னல் பக்கம் பார்க்கும், ஆகவே வெளிச்சத்தைத் திருப்பி அப்பத்தாவின் கைக்கே அனுப்பும். அடர்த்தியான சேலை அம்மா பக்கம் பார்க்கும். நம்ம அறிவியல் பாடத்தில் வரும் ஒளி எதிரொளிப்புதான்.

வெயிலுக்கு இன்னொன்றும் செய்தோம். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் மேற்கு ஜன்னலுக்கு விடிவே கிடையாது. கண்ணாடி தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை ஸ்கிரீன் போட்டுத் தடுத்தால், வெளிச்சம் குறையும், சூடு அறைக்குள்தான் நிற்கும். வெளியிலேயே தடுக்கணும். வெளிப் பால்கனியில் துணிக்கொடி கட்ட ஏற்கனவே இரண்டு கொக்கி இருந்தது. அதில் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். இரண்டு மணிக்குச் சரம் போனதும் அப்பத்தாவே அதை இறக்கிவிடுவார், கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பார். இடுக்கு வழியாகக் காற்று வரும். வெட்டிவேர் தட்டி இன்னும் நன்றாக இருக்கும், வாசனையும் வரும், ஆனால் விலை ஜாஸ்தி.

துணி 765, தையல் 200, கயிறும் வளையமும் 85, தட்டி 480. அம்மா சொன்ன ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் முப்பது ரூபாய் ஆகிவிட்டது.

இதைத் தமிழ் அம்மாவிடம் சொன்னபோது, சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் திரைச்சீலைக்கு எழினி என்று பெயர், அதில் மூன்று வகை உண்டு என்றார்கள். ஒரு பக்கமாக இழுப்பது ஒருமுக எழினி. இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. அப்படிப் பார்த்தால் எங்கள் ஒரே ஹாலில் உள்ளே பொருமுகமும் வெளியே கரந்துவரலும் இருக்கிறது! ஜன்னல் என்பது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல் என்றும், நம் பழைய சொல் காலதர், அதாவது காற்று வரும் வழி என்றும் சொன்னார்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். "காத்து எங்க வருது, பஸ் ஹாரன்தான் வருது" என்றார்.

அது உண்மைதான். சத்தத்துக்கு ஸ்கிரீனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேற்குச் சுவரும் ராத்திரி எட்டு மணி வரை கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் நாளே அம்மா மூன்றரை வரைக்கும் அசையாமல் தூங்கினார்கள். இந்தப் பக்கம் அப்பத்தா ரேடியோ கூடப் போடாமல் பூக் கட்டினார். நான் சனிக்கிழமைகளில் பூனை மாதிரி நடக்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் ஸ்கிரீனைப் பார்த்ததும் நேராகச் சுவரைத்தான் தடவிப் பார்த்தார். அப்புறம் கயிறு எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்தார். "அந்தத் தொட்டில் கொக்கி என் மகளுக்குப் போட்டது" என்றார். அப்பத்தா அவர் வீட்டம்மாவுக்கு என்று இரண்டு முழம் மல்லிகை வெட்டிக் கொடுத்தார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி