சீல் குத்தின ஒரு துண்டு

திண்டிவனத்துல ஒரு நைட் டூட்டி. கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. சுகர் 400-க்கு மேல, கால் புண்ணுல சீழ். முண்டியம்பாக்கத்துக்கு ரெஃபர் பண்ணி 108-க்கும் சொல்லியாச்சு. அவங்க கட்டிலை விட்டு எந்திரிக்கவே இல்ல. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"ஏன் போறன் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ டொக்டர். சீல் குத்தி."

ரெஃபரல் சீட்டுதான் கொடுத்தாச்சேம்மான்னேன், கொஞ்சம் எரிச்சலாவே.

"அது ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்டு வேணும்."

அப்புறம்தான் கதை வந்துச்சு.

2007 ஜூன் 7, கொழும்பு. போர் நடந்துட்டிருந்த நேரம். விடியறதுக்கு முன்னாடி போலீஸ் லாட்ஜ் லாட்ஜா ஏறி, தகுந்த காரணம் இல்லாம தங்கியிருக்காங்கன்னு தமிழர்களை பஸ்ல ஏத்தி அனுப்பிச்சு. 376 பேர். பெரும்பாலானவங்களை வவுனியாவுக்கு. வேலை தேடி வந்தவங்க, வெளிநாடு போகக் காத்திருந்தவங்க, வைத்தியத்துக்கு வந்தவங்க. இந்த அம்மா கணவரோட ஹார்ட் பிரச்சினைக்காக வந்து தங்கியிருந்தாங்க. கிளினிக் கொப்பியை நீட்டியிருக்காங்க. யாரும் வாங்கிப் பாக்கல.

"சிங்களத்திலதான் எழுதிக் கிடந்தது. வாசிக்கலாம்தானே?"

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே அடிப்படை உரிமை மனு போட்டுச்சு. அந்த நேரத்துல தமிழருக்காகப் பேசினாலே 'புலி'ன்னு முத்திரை விழும். ஆனாலும் போட்டாங்க. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதிச்சுது. சில நாள்ல பிரதமரே வருத்தம் தெரிவிச்சார். இது சின்ன விஷயம் இல்ல. 1942-ல அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினர் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை முகாம்ல அடைச்சப்போ, அதுல பெரும்பாலானவங்க அந்த நாட்டுக் குடிமக்கள். அங்க உச்ச நீதிமன்றம் 1944-ல அரசு பக்கமே நின்னுச்சு.

தடை வந்தப்போ இந்த அம்மா பஸ்ல போய்ச் சேர்ந்தாச்சு. திரும்ப கொழும்புக்குப் போகல. பின்னாடி படகேறி இங்க வந்தாங்க. இங்கயும் முகாம் கணக்கெடுப்பு அன்னைக்கு ஆள் இல்லன்னா காரணம் சொல்லணும். 2021-ல 'மறுவாழ்வு முகாம்'னு பேரை மாத்தினாங்க, நல்லதுதான். ஆனா 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கையே இல்ல.

எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நிதானமா வாசிச்சாங்க. வெளிய 108 டிரைவர் ஹாரன் அடிச்சிட்டிருக்கார்.

துண்டைத் திருப்பி என்கிட்டயே நீட்டினாங்க.

"நேரம் போடேல்ல டொக்டர்."

2.40-ன்னு எழுதினேன்.