தந்தை பெயர் எழுதும் இடம்

சமூக சேவையாளராக நான் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களில் தந்தையின் பெயருக்கு ஓர் இடமுண்டு. அது வெறுமையானால் தாய்மார் தலைகுனிகிறார்கள்.

வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது. மேலைநாடுகளில் குடும்பப் பெயரும் அவ்வாறே செல்வதால், இரண்டையும் ஒப்பிட்டு வம்சம் தேடுகிறார்கள்.

அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனே அடிமைப்பெண் சலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தந்தை என்ற பேச்சு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1998இல் அவளது கடைசி மகனின் ஆண்வழிச் சந்ததியும் ஜெபர்சனின் பெரியப்பா வழியினரும் ஒரே நிறமூர்த்தத்தைக் கொண்டிருந்தமை தெரியவந்தது. அது வம்சத்தைக் காட்டியது, ஆளையல்ல. அவள் கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் வீட்டில் இருந்தமை போன்ற சான்றுகளே அவரைச் சுட்டின.

பெண்களிடம் அந்த நிறமூர்த்தம் இல்லை. ஆகவே சலியைப் பற்றி அச்சோதனை எதுவுமே சொல்லாது. பெற்று வளர்த்தவளோ அவள்தான்.

சகோதரிகளே, வெறுமையான அந்த இடத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். தாயின் பெயரை நிமிர்ந்து எழுதுங்கள்.