தண்ணீர் வந்த வழி

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கரைக்குப் போனால், படகிலிருந்து இறங்கிய தம்பியின் கையில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன். விடியற்காலையிலிருந்து தண்ணீர் இறைத்து இறைத்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"அப்பாகிட்ட சொல்லாதக்கா" என்றான்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். 2004 சுனாமி அப்பாவின் கட்டுமரத்தைக் கொண்டுபோனது. மறு வருஷம் நிவாரணமாக வந்ததுதான் இந்த ஃபைபர் படகு. அப்போது அவசர அவசரமாகச் செய்து கொடுத்த படகுகளில் சில சீக்கிரமே உரியத் தொடங்கின. எங்களுடையது இருபது வருஷம் தாங்கியது. என் பி.எட். படிப்பு, தம்பியின் கல்யாணம் எல்லாம் அதில்தான்.

தம்பி சொல்லாதே என்றாலும் நான் சொல்லிவிட்டேன். "வித்துடுவோம்பா, நான் லோன் போடுறேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்பா பதில் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் ஃபைபர் வேலை பார்க்கும் மாமாவோடு வந்து நின்றார்.

மாமா ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் அடியெல்லாம் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்டது. பின்பக்கம் போகப் போக 'பொத்' என்றது. உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்றார். பிறகு உள்தளத்தை அறுத்துத் திறந்தார். கவிழ்ந்தாலும் படகு மிதக்க வேண்டும் என்று தளத்துக்கு அடியில் தெர்மோகோல் அடைத்திருப்பார்கள். கறுத்து, தண்ணீர் குடித்துக் கனத்த கட்டிகளாக அது வெளியே வந்தது. படகு ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்று தம்பி புலம்பியதற்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் படகைக் கடலில் இறக்கவில்லை. கட்டைமேல் தூக்கி வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே பார்த்தோம். அணியத்தில் மூன்று இடத்தில் பசை பூசியிருந்தது. அங்கெல்லாம் ஒரு சொட்டு இல்லை. பின்னால், தினமும் மணலில் இழுபடும் அடிப்பாகத்தில் ஒரு சாண் நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. அதில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"தண்ணி எங்க தெரியுதோ அங்க ஓட்டை இருக்காது. உள்ளுக்குள்ளயே ஓடி வேற எடத்துல தலைகாட்டும்" என்றார் மாமா.

அணியத்தில் பசை பூசியது யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு வருஷமா கசியுது. சொன்னா வித்துருவீங்க" என்றார் அப்பா, மணலைப் பார்த்தபடி. எனக்கு வந்த கோபத்தில், "அதுல கடலுக்குப் போறது உங்க புள்ளப்பா" என்று கத்திவிட்டேன். மாமா சாக்பீஸால் அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் வெறுமனே காயப் போட்டோம். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. வருமானம் இல்லாத பத்து நாள். அம்மா அடுத்த வீட்டுப் படகின் மீனை வாங்கிக் கூடையில் கொண்டுபோய் விற்றாள்.

பிறகு விரிசலின் இரு முனையிலும் சின்ன ஓட்டை போட்டார்கள். இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். சுற்றிலும் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்தார்கள். அந்தத் தூசி பட்டால் இரண்டு நாளைக்கு உடம்பு அரிக்கும். மூக்கைக் கட்டாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது. ரெசினில் முதலில் ஊதா நிற ஆக்சிலரேட்டரை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாமா இரண்டு பாட்டிலையும் தனித்தனிப் பையில்தான் வைத்திருந்தார். மே வெயிலுக்குக் கிலோவுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் போதும் என்றார். கூடினால் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடுமாம். கண்ணாடி இழை மேட் ஒன்று, நெய்த துணி ஒன்று என மாற்றி மாற்றி, உள்ளேயும் வெளியேயும் ஒட்டினார்கள். அப்பா ரோலரை வாங்கிக்கொண்டார். ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அது அடுத்த ஓட்டை. அவர் அழுத்தி அழுத்தி உருட்டியதில் மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

புதுத் தெர்மோகோல் வைத்துத் தளத்தை மூடும்போது, அப்பா கேட்டுக்கொண்டபடி பின்னால் ஒரு சின்ன மூடி வைத்தார் மாமா. கையை விட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் தம்பி மூன்று மணிக்குக் கிளம்பினான். வீட்டில் யாரும் தூங்கவில்லை. எட்டு மணிக்குப் படகு கரை தட்டியதும் அப்பா மீனைப் பார்க்கவில்லை. நேராக ஏறி மூடியைத் திறந்து கையை விட்டார். விரல் ஈரமாக வந்தது. எனக்குப் பகீரென்றது. அப்பா விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு இல்ல. பொட்டி ஐஸ் உருகி எறங்கியிருக்கு" என்றார். அதன் பிறகுதான், "என்னடா பட்டுச்சு?" என்று தம்பியைக் கேட்டார்.